கொட்டாவியார் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்

தொலைபேசியை எடுத்தது அவர்தான். எதிர்முனையில் ஒரு இளம்பெண்ணின் குரல், "நாலாம் மாடி தொடர்லேருந்து பேசறோம் சார்" என்றது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். தொடர் நின்று மூன்று வருஷமாகியிருந்தது. என்றைக்காவது கூப்பிடத்தான் போகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா, நான்தான் பேசறேன்" என்றார், ஊரறிந்த தன் குரலை இன்னும் கொஞ்சம் கனமாக்கி.

"ரொம்ப சந்தோஷம் சார். மேடம் இருக்காங்களா?"

"எந்த மேடம்?"

"கீழ்வீட்டம்மா மேடம்."

மனைவி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனைக் கொண்டுபோய் நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, "ஆமாம்மா... அப்படியா... எனக்கா?" என்று கேட்கக் கேட்க, முகத்தில் வெளிச்சம் ஏறுவதை அவர் கதவோரம் நின்று பார்த்தார். கடைசியில் போனைக் காதிலிருந்து எடுத்து, "ஒரே ஒரு ஸ்பெஷல் எபிசோடு எடுக்கறாங்களாம். கீழ்வீட்டம்மாவை வெச்சு. முழுக்க முழுக்க" என்றாள். அப்புறம், யாரோ விட்டுப்போன குடையை எடுத்துக் கொடுப்பதுபோல, "உங்களுக்கும் ஒரு சின்ன பார்ட் இருக்காம்" என்றாள்.

'சின்ன' என்ற அந்த ஒரு சொல் அவர் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

நாலாம் மாடி ஒரு கார்ட்டூன் தொடர். இருபத்திரண்டு வருஷம் வாராவாரம் ஓடியது. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம், அதன் நாலாவது மாடியில் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், காது கேட்காத ஒரு பூனை. அப்பா சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே குடும்பத்தை ஆட்டிப்படைப்பார். அதனால் அவருக்குக் கொட்டாவியார் என்று பேர். அவர் மனைவி ஏதாவது உருப்படியான யோசனை சொல்ல வாயெடுத்தால் போதும், "எனக்குத் தெரியாதா? நீ உள்ள போ!" என்று ஒரு அதட்டல் வரும். பத்து நிமிஷம் கழித்து அவள் சொன்னதுதான் சரி என்று ஆகும். அதற்கும் கொட்டாவிதான் பதில்.

அந்த அதட்டலுக்குக் குரல் கொடுத்தவர் இவர். நாளடைவில் இவரையே எல்லோரும் கொட்டாவியார் என்று கூப்பிட ஆரம்பித்து, சொந்தப் பேர் வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதியாகிவிட்டது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் இடுக்கியை விட்டுக்கொண்டே டாக்டர் "ஒரு தடவை சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார். சிக்னலில் மறித்த போலீஸ்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்து அனுப்பினார். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைகள் அவரைப் பக்கத்தில் நிறுத்தி, மணப்பெண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். சொல்வார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அவர் மனைவி அந்தத் தொடருக்குள் வந்தது தற்செயல். இரண்டாவது வருஷம், அவர் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்திருந்தாள். அன்றைக்கு, நாலாம் மாடிச் சத்தம் பொறுக்காத கீழ்வீட்டுக்காரியாகப் பேச வேண்டிய நடிகைக்குக் காய்ச்சல். "நீங்க ரெண்டு முணுமுணுப்பு குடுங்கம்மா, போதும்" என்று அப்போதைய இயக்குநர் அவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டார். வசனத்தாளில் இருந்தது இவ்வளவுதான்: கீழ்வீட்டுக்காரி கம்பால் கூரையைத் தட்டுகிறாள், முணுமுணுக்கிறாள். அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு, "நான்... ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கூடவே வருவாள். அவர் நாளெல்லாம் பேசி முடித்தபின் கடைசியில் போய்த் தன் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிடுவாள். "சும்மா பொழுதுபோக்குக்கு வர்றா" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

பிறகு காலம் மாறியது. பத்து வருஷம் தலையில் தூக்கிவைத்து ஆடிய பத்திரிகைகளே, சரக்கு தீர்ந்துவிட்டது, கொட்டாவி இப்போது பார்ப்பவர்களுக்குத்தான் வருகிறது என்று எழுதின. தொடரை நல்ல நேரத்திலிருந்து ஆளில்லாத நேரத்துக்குத் தள்ளி, கடைசியில் நிறுத்தினார்கள். அது அவருக்கு வலித்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான வலி. சேர்ந்து உட்கார்ந்து புலம்பிக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் வந்ததுதான் தனி வலி. பழைய எபிசோடுகள் மொத்தமும் கைபேசிக்கு வந்துசேர்ந்தன. தொடர் ஆரம்பித்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் சிரிக்கவில்லை. யாரும் கவனிக்காமல் விட்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்?' என்று ஒரு பெண் நீளமாக ஒரு கட்டுரை எழுதினாள். கொட்டாவியார் வேடிக்கை மனிதரல்ல, சோபாவில் படுத்திருக்கும் சர்வாதிகாரி என்றாள். அந்தக் கட்டிடத்திலேயே காது உள்ள ஒரே ஆள் கீழ்வீட்டம்மாதான் என்றாள். கட்டுரை ஊரெல்லாம் சுற்றியது. கீழ்வீட்டம்மா கம்பால் தட்டும் காட்சிகளை மட்டும் யாரோ வெட்டி ஒன்றாகக் கோத்தார்கள். அலுவலகங்களில் மேலதிகாரி புதிதாக ஒரு உத்தரவு போட்டால், கீழே வேலை பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் அவள் படத்தை அனுப்பிக்கொண்டார்கள். 'நான் ஒண்ணும் சொல்லலப்பா' பனியனில் ஏறியது, டீக்கோப்பையில் ஏறியது.

அப்படி ஒரு கோப்பையை மகளே வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு வருவாள். அம்மா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"எனக்கு?" என்றார் அவர், விளையாட்டாகக் கேட்பதுபோல.

"உங்க படம் போட்டது கிடைக்கலப்பா."

"கிடைக்கலையா, இல்ல போடவே இல்லையா?"

மகள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்தக் கட்டுரையை நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"பாத்தியா, எப்படி எழுதியிருக்கான்னு! ஒரு கார்ட்டூனைப் போய்..."

"ஸ்கூல்ல பசங்க என்னைப் பாத்தாலே 'நீ உள்ள போ'ன்னு கத்துவாங்கப்பா. ஒரு தடவை டீச்சரே சொல்லிட்டுச் சிரிச்சாங்க. உங்ககிட்ட அழுதுட்டே வந்து சொன்னேன். டீச்சரும் பாக்கறாங்களான்னு கேட்டீங்க. அவ்வளவு சந்தோஷம் உங்களுக்கு."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. டீச்சர் சிரித்தது மட்டும் மங்கலாக நினைவிருந்தது. மகள் போனபின், அந்தக் கோப்பையை அலமாரியில் பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார். மறுநாள் காலையில் அது மனைவியின் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஒலிப்பதிவுக்கு முந்தின வாரம் ஒரு கல்லூரியில் அவளை அழைத்துப் பேசச் சொன்னார்கள். அவர் துணைக்குப் போனார். மேடையில் அவளுக்கு நாற்காலி. முன்வரிசையில் அவருக்கு நாற்காலி, மடியில் அவளுடைய கைப்பை. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரங்கம் அதிர்ந்தது. 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது?' என்று அவர் பல்லைக் கடித்தார். என்ன இருக்கிறது என்று தொழில்காரரான அவருக்கே புரியாததுதான் இன்னும் எரிந்தது.

முடிந்ததும் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பையன் ஓடிவந்து அவர் கையில் கைபேசியைத் திணித்து, "அங்கிள், ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன், ப்ளீஸ்" என்றான். அவர் யாரென்று பையனுக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டால் தெரிந்திருக்கும். அதனாலேயே அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் பிள்ளைகள் எல்லோரும் விழுந்தார்கள். மனைவி மட்டும் கழுத்து வரைக்கும்தான் விழுந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், "கை நடுங்குதா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்பெஷல் எபிசோடின் கதை இதுதான். கொட்டாவியார் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். லிஃப்ட் ஓடாததால் கீழ்வீட்டம்மா முதல் தடவையாகப் படியேறி நாலாம் மாடிக்கு வருகிறாள். கொட்டாவியாரின் மனைவியோடு உட்கார்ந்து, இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் பேசுகிறாள். கொட்டாவியாருக்கு ஒரே வசனம். லிஃப்டுக்குள்ளிருந்து அவ்வப்போது "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். வசனத்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

ஒலிப்பதிவுக்கூடம் மாறவில்லை. சுவரில் அதே சாம்பல்நிறப் பஞ்சு மெத்தை, அதே கண்ணாடித் தடுப்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பொறியாளர், தலை மட்டும் நரைத்திருந்தது. மூச்சு பிசகினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவருக்குக் 'காது' என்று பட்டப்பேர். இயக்குநர்தான் புதுசு. போனில் பேசிய பெண். சின்ன வயதில் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று சொல்லி, இருவரையும் பக்கம் பக்கமாக இரண்டு மைக் முன்னால் நிறுத்தினாள். கொட்டாவியாரின் மனைவியாகப் பேசும் நடிகை முன்னாடியே வந்து தன் பகுதியை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது ஹெட்போனில் வரும், அதற்கேற்ப இவர்கள் பேச வேண்டும்.

முதல் டேக். மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தவளாகப் பேச ஆரம்பித்தாள். பாதி வசனத்தில் அவருக்கு இருமல் வந்தது.

"பரவாயில்ல சார், தண்ணி குடிங்க" என்றாள் இயக்குநர்.

இரண்டாவது டேக்கில் வசனத்தாள் சரசரத்தது. மூன்றாவதில் நாற்காலி கிரீச்சிட்டது. நாலாவதில் மறுபடியும் இருமல். அப்போது ஹெட்போனில், அவருக்கு மட்டும் கேட்கும்படி, காது பேசினார்: "அண்ணே, உங்க இருமலை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். இது இருமல் இல்ல."

அவருக்குக் காதுமடல் சுட்டது. இருந்தும் அடங்கவில்லை. ஐந்தாவது டேக்கில் மனைவி கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். கீழ்வீட்டம்மா மேல்வீட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "இத்தனை வருஷமா மேலேருந்து எல்லாச் சத்தமும் எனக்குக் கேட்டுச்சு. நாற்காலி இழுக்கறது கேட்டுச்சு, பூனை குதிக்கறது கேட்டுச்சு. உன் குரலு மட்டும்..." என்று சொல்லி நிறுத்தினாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இயக்குநரின் கை வாய்மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ அறுந்துபோனது.

"எனக்குத் தெரியாதா? நீ உள்ள போ!" என்று மைக்கில் முழங்கினார்.

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வரியைச் சொல்லி யாரும் சிரிக்காமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பஞ்சு மெத்தை அடித்த அறையில் எதிரொலிகூடக் கிடையாது. சொன்ன சொல் அவர் காலடியிலேயே விழுந்து கிடந்தது. மனைவி ஹெட்போனைக் கழற்றி, அதன் கொக்கியில் மாட்டினாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். "வாங்க வெளிய."

தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு வேகத்துல வந்துடுச்சு. பழக்கதோஷம்."

"போட்டோவுல என் தலையை வெட்டினதும் பழக்கதோஷமா?"

அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பி ஒரு தம்ளரை எடுத்தார்.

"பொறாமைன்னு சொல்லுங்களேன்" என்றாள் அவள். "சொன்னா ஒண்ணும் குறைஞ்சுட மாட்டீங்க. எனக்கும் இருந்துது."

"உனக்கா? யார் மேல?"

"வேற யாரு மேல? உங்க மேலதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு கல்யாணத்துலயும் உங்களைச் சுத்திக் கூட்டம். நான் உங்க கோட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு ஓரமா நிப்பேன். வயிறு அப்படி எரியும். வீட்டுக்கு வந்து நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தா, அந்த வரியை என்கிட்டயே சொல்லிட்டுச் சிரிப்பீங்க. எங்க போய்ச் சொல்றது? வாரம் ஒரு நாள் இங்க வந்து கம்பால தட்டுவேன். கார்ட்டூனுக்காகத் தட்டறேன்னா நினைச்சீங்க?"

இயந்திரம் உறுமிவிட்டு அடங்கியது. பொழுதுபோக்குக்கு வருகிறாள் என்று யார் யாரிடமெல்லாம் சொன்னோம் என்று அவர் நினைத்துப் பார்த்தார். முகங்கள் வரிசையாக வந்தன. எல்லா முகத்துக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, கோட்டோடு அவள் நின்றிருந்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. வாராவாரம் டிவியில வந்துதே" என்றாள். பிறகு, "நீங்க இப்ப வீட்டுக்குப் போங்க. என் பகுதியை நான் தனியா முடிச்சுட்டு வரேன். உங்களுது நாளைக்கு எடுத்துப்பாங்க. நீங்க நின்னா எனக்கு வராது" என்றாள்.

வீட்டுக்குப் போனார். அன்று முழுக்க அவர் சோபாவில் உட்காரவில்லை. சமையலறை மேஜை, பால்கனி, மறுபடியும் சமையலறை மேஜை என்று சுற்றிக்கொண்டிருந்தார். அவள் வந்ததும் "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றாள்.

மறுநாள் தனியாகப் போனார். இயக்குநர் முகத்தில் நேற்றைய கலக்கம் மிச்சமிருந்தது. "ஒரே வரிதான் சார். சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றாள், ஊசி போடுமுன் சொல்வதுபோல.

"அவ பேசினதை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க" என்றார் அவர். "எங்கெங்க குரல் குடுக்கணும்னு தெரியணும்ல."

காது ஒரு பொத்தானை அழுத்தினார்.

அத்தனை வருஷம் அவர் அதே அறையில், அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அதில் தன் குரலைத்தான் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் பேசுவது, தன் முறை எப்போது வரும் என்பதற்கான அடையாளம் மட்டும்தான். இப்போது அவர் குரல் அதில் இல்லை. அவள் மட்டும் இருந்தாள். படியேறி வந்த மூச்சு, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறாக இருந்தது. வார்த்தைக்கு முன்னால் உதடு பிரியும் சின்னச் சத்தத்தைக்கூட அவள் வீணாக்கவில்லை. "உன் குரலு மட்டும்" என்றபின் ஒரு இடைவெளி விட்டாள். அவராக இருந்தால் அங்கே ஒரு பெருமூச்சைப் போட்டு நிரப்பியிருப்பார். அவள் எதையும் போடவில்லை. இதோ பேசிவிடுவாள் என்று நினைக்கிற இடத்தைத் தாண்டி, இனி பேசவே மாட்டாள் என்று நினைக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால், "கேக்கவே இல்லம்மா" என்றாள்.

அவருக்கு ரோமம் சிலிர்த்தது. கூடவே வேறொன்றும் வந்தது. பனியனுக்கும் டீக்கோப்பைக்கும் வந்த எரிச்சல் இல்லை அது. அதையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அவள் தன்னைவிடத் தேர்ந்தவள். இன்றைக்கு நேற்றைக்கு அல்ல, எப்போதோ ஆகிவிட்டாள். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

மூன்று தடவை கேட்டார். அப்புறம்தான் தன் வரியைச் சொன்னார். முதலில் அதட்டலாக, "யாராவது இருக்கீங்களா?" பிறகு வேடிக்கையாக. பிறகு பயந்ததுபோல. எதுவும் சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது. அவள் குரலை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாமே செய்து காட்டுவதாக இருந்தது. கடைசியில் களைத்துப்போய், பதில் வராது என்று தெரிந்த ஆள் கேட்பதுபோல, தணிந்து கேட்டார்: "யாராவது... இருக்கீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது தலையை ஆட்டினார். "இதை வெச்சுக்கலாம்" என்றாள் இயக்குநர்.

எபிசோடு வெளியானது. பழைய ரசிகர்களில் பாதிப்பேர் கொட்டாவியாரைக் கூண்டில் அடைத்துவிட்டார்கள் என்று கொதித்தார்கள். மீதிப்பேர் அழுதார்கள். இளம்பிள்ளைகள் கீழ்வீட்டம்மாவைக் கொண்டாடித் தீர்த்தார்கள். கட்டுரை எழுதிய பெண் மறுபடியும் எழுதினாள். மனைவியைப் பற்றி ஏழெட்டுப் பத்தி. அவரைப் பற்றி ஒரு வரி: 'லிஃப்டுக்குள்ளிருந்து வரும் குரலும் பரவாயில்லை.' அந்த ஒரு வரியை அவர் எத்தனை தடவை படித்தார் என்பதை மனைவியிடம் சொல்லவில்லை. 'பரவாயில்லை' என்றால் நல்லது என்று அர்த்தமா, சுமார் என்று அர்த்தமா என்று மகளிடம் மட்டும் போனில் கேட்டார்.

"சுமாருக்கு மேல, நல்லதுக்குக் கீழப்பா" என்றாள் மகள். கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பிடிச்சுது" என்றாள்.

அடுத்த மாதம் வேறொரு கம்பெனி மனைவியைப் புதுத் தொடருக்குக் கூப்பிட்டது. கதாநாயகியே அவள்தான். அவரைக் கூப்பிடவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டு வந்து, மேஜை முன்னால் டீயோடு உட்கார்ந்தவளை அவர் பார்த்தார்.

"எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டீங்களே!"

"அது போகட்டும். ஒண்ணு கேக்கணும். 'உன் குரலு மட்டும்'னு சொல்லிட்டு நிறுத்தறியே. எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு எப்படித் தெரியுது உனக்கு?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. தொழில் ரகசியம்."

"சொல்லேன்."

"நீங்களே கண்டுபிடிங்க. இத்தனை வருஷம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனால் முதல் முதலாக மைக் முன்னால் நின்ற வயதில் எரிந்ததே, அந்தப் பசி மாதிரி இருந்தது இந்த எரிச்சல். மறுநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காது என்ற தைரியத்தில் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். "உன் குரலு மட்டும்... கேக்கவே இல்லம்மா."

"சீக்கிரம் பேசிட்டீங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் பொறுங்க."

அவர் குழாயை மூடிவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தார்.